மூன்று எண்ணுவதற்குள்

பேருந்தில் இடம் கிடைத்தால் ஜான்சன் உடனே உட்கார்ந்துவிட மாட்டார். வலது கட்டைவிரலை இருக்கையின் நடுவில் வைத்து அழுத்துவார். விரலை எடுத்ததும் உதடு அசையாமல் எண்ணுவார். மூன்று எண்ணுவதற்குள் குழி மேலெழுந்து மறைந்துவிட்டால் உட்காருவார். மறையாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில்வரை நின்றபடியே வருவார். பின்னால் நிற்கிறவர் பொறுக்க முடியாமல், "இன்னா அண்ணாத்த, குந்தறதுன்னா குந்து, இல்லன்னா நகரு" என்பார். ஜான்சன் மரியாதையாக ஒதுங்கி, "குந்து நைனா. ஆனா அது செத்துப்போன சீட்டு" என்று சொல்லிவைப்பார். அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்த ஆள், இறங்கும்வரை நெளிந்துகொண்டேதான் வருவார்.

ஜான்சனுக்கு நாற்பத்தாறு வயது. கார் இருக்கைகளுக்கு ஃபோம் வார்க்கிற கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை. அச்சில் ஊற்றிய திரவம் பொங்கி, சில நிமிடங்களில் முழு சீட்டாக வெளியே வரும். ஓரத்தில் பிசிறு தொங்கும். அதைக் கத்தியால் சீவுவதுதான் அவர் வேலை. சீவிய கையோடு கட்டைவிரலை ஒருமுறை அழுத்தி அடுத்த ஆளிடம் தள்ளுவார். இறுக்கம் பார்ப்பதற்கென்று அங்கே தனியாக ஒரு மெஷின் இருக்கிறது. அது சொல்வதும் ஜான்சனின் விரல் சொல்வதும் ஒத்துப்போகாத நாட்களில், சூப்பர்வைசர் மோகன் முதலில் மெஷினைத்தான் திறந்து பார்ப்பார்.

ஆனால் விரல் கம்பெனி கேட்டோடு நிற்பதில்லை. டீக்கடையில் பன்னை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் சோபாவை அழுத்திவிட்டு, "மாப்ள வூட்டுக்காரங்க நல்லா ஏமாந்துகிறாங்க, சோபா கடைல" என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா. மனைவி ஜெனிஃபர் இட்லித் தட்டைத் திறக்கும்போது அவரை அடுப்பங்கரைக்குள் விடுவதே இல்லை. "துன்ற பொருள்ல இன்னாய்யா டெஸ்ட்டு. வாயில வச்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

அந்த விரல் ஒரே ஒருமுறைதான் பயந்தது. மகள் கவியா பத்தாவது படிக்கும்போது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜான்சன், கை சும்மா இருக்க முடியாமல், மெத்தையின் ஓரத்தை அழுத்தினார். பதினொன்று எண்ணியும் குழி எழவில்லை. அது பழைய மெத்தை, வேறு காரணமே வேண்டாம். ஆனாலும் அவர் கையைக் கூப்பினார். "மாதாவே, புள்ள எழுந்து குந்தினா நானும் ஜெனியும் வூட்லேர்ந்து வேளாங்கண்ணி வரிக்கும் நடந்தே வறோம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சாட்சி. கவியா மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து பரோட்டா கேட்டாள். இப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

வேண்டுதலை நிறைவேற்றப் போன வருடம் கிளம்பினார்கள். அவர்கள் கோயிலிலிருந்து ஆண்டுதோறும் நாற்பது பேர்வரை காவி உடுத்தி நடக்கிறார்கள். மாதா சொரூபம் வைத்த சின்னத் தேர் ஒன்று முன்னால் உருளும். அரிசியும் பாத்திரமும் ஒரு குட்டி லாரியில் முன்கூட்டியே போய்விடும். இருட்டோடு எழுந்து நடந்து, வெயில் ஏறியதும் எங்காவது தோப்பிலோ ஷெட்டிலோ படுத்துவிட்டு, மாலை நாலு மணிக்கு மறுபடி கிளம்பி இரவு வெகுநேரம் நடப்பார்கள். கிளம்பிய பதினோராவது நாள், ஆகஸ்ட் இருபத்தொன்பது கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவது கணக்கு. நடைப்பயணத்தில் தூக்கம் என்றால் அந்தப் பகல் தூக்கம்தான். அது போனால் மறுநாள் கால் போனது.

தலைவர் தாவீது ஒரு சட்டம் வைத்திருக்கிறார். லாரியில் சோற்றுச் சாமான் மட்டும்தான் ஏறும். அவரவர் படுக்கை அவரவர் முதுகில். பையோடு சேர்த்து ஐந்து கிலோ. கிளம்புகிற அன்று கோயில் வாசலில் கொக்கித் தராசோடு நிற்பார். "நூறு கிராம் எச்சா இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மூணாம் நாளு உன் முதுகே உன்னைக் கேக்கும்."

ஜான்சனைக் கேட்டது முதுகல்ல, இடுப்பு. ஆறு வருடம் முன்பு ஊரப்பாக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்ததில் வலது இடுப்பில் ஒரு தகடு இருக்கிறது. அதனால் இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். வெறும் போர்வையை விரித்துத் தரையில் படுத்ததில், மூன்றாம் நாள் கடப்பாக்கத்தில் இடது இடுப்பும் கைவிட்டது. கண் பொட்டுக்கூட மூடவில்லை. சாயங்காலம் எழுந்து நின்றவர் இருபது அடி நடந்து பார்த்துவிட்டு, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஏறியதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் போக மனம் வரவில்லை. மீதி எட்டு நாளும் பஸ்ஸிலேயே அடுத்தடுத்த இடத்துக்கு முன்னால் போய், சமையல்காரரோடு உட்கார்ந்து நாற்பது பேருக்கு வெங்காயம் உரித்தார். கால் கொப்புளத்தோடு வந்து சேருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஜெனிஃபரும் வருவாள், சொம்பை வாங்கிக் குடிப்பாள், "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்பாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது என்று ஜான்சன் நினைத்துக்கொள்வார்.

ஆகவே இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த மறுவாரமே படுக்கை தேட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் கவியாவின் செல்போனில் தேடினார்கள். மலையேறுகிறவர்களுக்கென்று உலகத்தில் எத்தனை விதமான படுக்கைகள் இருக்கின்றன என்பதைப் பார்த்து ஜான்சன் ஒரு மணி நேரம் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றின் மேல் விரலை வைத்தார். "இதுல ஏதோ நம்பர் போட்டுகிறானே, அது இன்னா?"

"அது குளிரு நைனா. நம்பர் எச்சா இருந்தா தரையோட குளிரு மேல ஏறாது. பனியில படுத்தாலும் கதகதன்னு இருக்குமாம்."

"ஆவணி மாசம், மட்ட மத்தியானம், கடப்பாக்கத்துல எனக்கு எங்கம்மா பனி? நம்பரே இல்லாதது இருந்தா பாரு."

நம்பர் குறைவான ஒன்று வந்து சேர்ந்தது. எடை பிரமாதம், கையில் எடுத்தால் காகிதம். படுத்துத் திரும்பினால்தான் தெரிந்தது. வீட்டில் யாரோ ஓயாமல் சிப்ஸ் பாக்கெட் பிரிப்பது போலச் சத்தம். ஜெனிஃபர் எழுந்து விளக்கைப் போட்டு, பூனையைத் தேடினாள். நாற்பது பேர் நடுவில் இதில் படுத்தால் தேரிலிருந்து மாதாவே இறங்கி வந்து கேட்பாள் என்று தோன்றவே, மறுநாளே திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்தது மாமல்லபுரம். கடற்கரைக்குப் போகும் தெருவில் சுஜாதா என்ற பெண் ஒரு கடை வைத்திருக்கிறாள். அலைச்சறுக்குப் பலகை, கூடாரம் எல்லாம் வாடகைக்கு விடுவாள். ஊர் திரும்புகிற வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை விற்பாள். ஜான்சன் அங்கே இருந்த எல்லாப் படுக்கைகளையும் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் காற்றடித்து வைத்திருந்த ஒன்றில் இடப்பக்கமாகப் படுத்தார்.

"படுத்துப் பாக்கலாம்ணா, பரவால்ல" என்றாள் சுஜாதா.

"இருபது நிமிஷம் ஆவும்மா."

"இருபதா?"

"எல்லாரும் கடையில மல்லாந்து படுத்து, ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, நல்லா கீதுன்னு வாங்கிகினு போறான். வூட்டுக்குப் போயி ஒருக்களிச்சுத் தூங்கறான். மல்லாந்தா ஒடம்பு முழுக்க வெயிட்டைப் பங்கு போட்டுக்கும். ஒருக்களிச்சா இடுப்பும் தோளும்தான் மொத்தத்தையும் தூக்கணும். அது தரையைத் தொடுதா இல்லியான்றது இருபது நிமிஷம் கழிச்சுதான் தெரியும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். குறட்டை தெருவரைக்கும் போனது. கடைக்குள் வந்த வெளிநாட்டு ஜோடி அவரைத் தாண்டிப்போய்ப் பலகை பார்த்தது. ஜோடியில் இருந்த பெண், படுத்திருக்கிறவரைக் காட்டி இந்த மாடல் என்ன விலை என்று கேட்டாள். முக்கால் மணி கழித்து எழுந்தவரிடம் சுஜாதா டீ நீட்டினாள். "அண்ணா, வாரா வாரம் வந்து ஒருதபா படுங்க. மூணு பேரு விசாரிச்சுட்டுப் போனாங்க."

ஆரஞ்சுப் படுக்கை சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவு. அரைக் கிலோவுக்கும் குறைவு. ஜான்சன் அதன் மேல் காதல் கொண்டுவிட்டார். இருந்தாலும் கம்பெனிக்காரரின் புத்தி விடுமா, இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு நேராகச் சவுக்குத் தோப்புக்குப் போனார். நண்பகல், மணல், கடல் காற்று. எல்லாம் கூடி வந்த தூக்கம். விழித்தபோது இடுப்புக்குக் கீழே பூமி இருந்தது. ஆரஞ்சு, ஈரத் துணி போல ஒட்டிக் கிடந்தது. புரட்டிப் பார்த்தால் ஒரே ஒரு நெருஞ்சி முள். அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

சுஜாதா ஒட்டுப்போட்டுக் கொள்வதாகச் சொல்லிக் கோபப்படாமல் வாங்கிக்கொண்டாள். "பத்து நாளும் முள்ளு மேலயேவாண்ணா படுப்பீங்க?"

"பத்து நாளும் வேணாம்மா. மூணாம் நாளு ஒரு முள்ளு போதும்."

இந்தத் தேடலில் ஜெனிஃபர் தலையிடவில்லை. அவள் வெறுந்தரையில் தலையைச் சாய்த்தால் அடுத்த மூச்சில் தூங்குகிறவள். கணவர் படுக்கை படுக்கையாக அலைவதை, வேறு வீட்டு விசேஷத்தைப் பார்ப்பது போல ஓரமாக நின்று பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குளித்த ஜான்சன், துவட்டாமல், அரை டவுசரோடு சொட்டச் சொட்ட வந்து, கூடத்துச் சிமெண்டுத் தரையில் இடப்பக்கமாகப் படுத்தார். இரண்டு நிமிடம் அசையவில்லை. பிறகு ஜாக்கிரதையாக எழுந்து நின்று குனிந்து பார்த்தார். தரையில் அவர் இருந்தார், துண்டு துண்டாக. தோளுக்கு ஒரு பன் அளவு ஈரம். இடுப்புக்கு ஒரு சின்னத் தட்டு. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் காசு காசாக இரண்டு பொட்டு. நடுவில் எல்லாம் மங்கல்தான், பாரமே இல்லாத இடம்.

ஜெனிஃபர் கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாய்யா இது. கொலை விழுந்த எடத்துல போலீஸ்காரன் கோடு போட்டாப்ல கீது."

"கோடுதான் இல்ல. காயறதுக்குள்ள அந்த சாக்பீஸை எட்த்தா ஜெனி."

எடுத்து வந்தவள் அவர் கையில் கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். வெயில் நாள், ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அவள் கை அதைவிட வேகமாக ஓடியது. தோளைச் சுற்றினாள். இடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"இவ்ளோண்டு எடத்துலயா மொத்த ஆளும் குந்திகினு கீற?"

"பின்ன?"

"போன வருசமே சொல்லியிருக்கலாம் இல்ல."

"நீ கேக்கல."

"எப்டிக் கேக்கறது. நீ வெங்காயம் உரிச்சிகினு இருந்த. கண்ணு கலங்கிகினு இருந்துச்சு. அது வெங்காயமா வேறயான்னு எனக்கு இன்னா தெரியும்."

ஜான்சன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் துவட்டினார்.

சாக்பீஸ் கோட்டை மறுநாள் காகிதத்தில் பிரதி எடுத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். வண்டியில் டிரைவர் சீட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. தொடைக்கு ஒன்று, இடுப்போரத்துக்கு ஒன்று என்று இறுக்கம் மாறும். பத்தொன்பது வருடமாகத் தெரிந்த விஷயம், தனக்கென்று வரும்போது மட்டும் ஏன் தோன்றவில்லை என்று மோகனிடம் வியந்தார். மோகன் கழித்துப்போட்ட சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். "இன்னாண்ணா, ஊருக்கெல்லாம் கார் சீட்டு, நீங்க மட்டும் நடக்கறதுக்கு சீட்டு செய்றீங்க."

அந்தச் சீட்டின் ஓரத்திலிருந்து இடுப்புக்கு ஒரு வட்டம், இரண்டு விரல் தடிமன். தோளுக்கு ஒன்று, அதில் பாதி. மற்ற இடத்துக்கு, இயந்திரச் சாமான் பெட்டிகளில் வைத்து வருகிற வெள்ளை ஃபோம் தாள், அரை அங்குலம். முள் குத்தினாலும் ஓட்டைதான் விழும், உயிர் போகாது, தண்ணீரும் குடிக்காது. முழங்காலோடு முடித்துவிட்டார். அதற்குக் கீழே சும்மா கிடக்கிற காலுக்கு எதற்கு மெத்தை, துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். ஜெனிஃபர் அடிப்பக்கத்துக்குப் பழைய குடைத் துணியும், வியர்வை இழுக்க மேல்பக்கத்துக்குப் பழைய லுங்கியும் வைத்துத் தைத்தாள். மளிகைக் கடைத் தராசு நானூற்று முப்பது கிராம் காட்டியது.

கவியா படுத்துப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தாள். "நைனா, யாரோ முட்டி போட்டு விலாவுல குந்தினாப்ல கீது."

"உன் ஒடம்புக்கு அப்டித்தான் இருக்கும். விட்டுட்டுப் போனாக்கூட ஒருத்தன் தூக்கிகினு போவ மாட்டான்" என்று ஜான்சன் மகிழ்ந்தார். அன்று மத்தியானமே சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடைக் கல் தரையில் ஒரு ஓரமாக விரித்துப் படுத்தார். மூன்று தாம்பரம் வண்டிகள் போனது தெரியாது.

தாவீதின் தராசில் ஜான்சனின் பை நாலே முக்கால் கிலோ காட்டியது. தாவீது படுக்கையை வெளியே இழுத்துப் பார்த்தார். "இன்னாடா இது, பாதி ஆளுக்குத்தான் தச்சிகிற?"

"மீதி ஆளு தானாத் தூங்கிடும் அண்ணாத்த."

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அணுபுரத்துப் பக்கத்து மரநிழல், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையின் நீள வெயில். இரண்டு பகலும் நன்றாகவே தூங்கினார். ஆனால் இரண்டு பகல் போன வருடமும் சமாளித்தவர்தானே. மூன்றாம் நாள் கடப்பாக்கத்தில், அதே தோப்பில், தேரை நடுவில் நிறுத்தி, அதை நோக்கித் தலை வைத்து ஆண்கள் ஒருபக்கமும் பெண்கள் ஒருபக்கமுமாகப் படுத்தார்கள். ஜான்சன் போன வருடம் படுத்த அதே தென்னையடிக்குப் போனார். உள்ளங்கையால் மண்ணைத் தடவி இரண்டு கூழாங்கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, படுக்கையை விரித்தார்.

தூக்கம் வரவில்லை. இடுப்பு வலிக்கவில்லை, எப்போது வலிக்குமோ என்று அதையே கவனித்துக்கொண்டு கிடந்தார். பஸ் நிறுத்தம் பக்கத்திலேயே. ஒவ்வொரு ஹாரனுக்கும் கண் திறந்தது. எத்தனை பஸ் போகிறது என்று எண்ண ஆரம்பித்தார். ஐந்தாவது பஸ் வந்ததா இல்லையா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

நாலு மணிக்குத் தாவீது விசில் ஊதினார். எல்லோரும் எழுந்து, முகம் கழுவி, பாய் சுருட்டிப் பை கட்டிவிட்டார்கள். தேர் அசைந்தது. தென்னையடியில் மட்டும் குறட்டை நிற்கவில்லை.

"யோவ் ஜான்சா" என்று தாவீது அங்கிருந்தே குரல் கொடுத்தார். "உன்னை இங்கயே வெதைச்சிட்டுப் போலாமா?"

ஜெனிஃபர் வந்து பக்கத்தில் முட்டி போட்டாள். கணவரின் புஜத்தில் தன் கட்டைவிரலை நன்றாக அழுத்தி எடுத்தாள். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு சொல்றதுக்குள்ள எழுந்தா நல்ல சரக்கு. இல்லாங்காட்டி ரிஜெக்ட்டு."

இரண்டரையில் ஜான்சன் எழுந்து உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் சிரிக்காமல் இடது கையை மெல்ல இடுப்புக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். அடுத்தவர் இடுப்பைத் தொடுகிற கூச்சம் முகத்தில் இருந்தது. எழுந்து பத்தடி நடந்தார். திரும்பி வந்து படுக்கையைச் சுருட்டிப் பையில் கட்டினார்.

சாலைக்கு ஏறும்போது பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் படியில் தொங்கியபடி, கூட்டத்துக்குக் கடைசியில் பையோடு வருகிற காவி உடை ஆளைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, வேளாங்கண்ணியா? ஏறிக்கோ, சீட்டு காலியாத்தான் கீது. நாளைக்கு நடந்துக்கலாம்."

ஜெனிஃபர் திரும்பவில்லை. போன வருடமும் அவள் இப்படித்தான் முன்னே பார்த்தபடி நடந்தாள். ஆனால் அவளது செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

ஜான்சன் ஒரு காலைப் படியில் வைத்தார். கம்பியைப் பிடித்து உடம்பை உள்ளே நீட்டி, வாசலோரத்து முதல் இருக்கையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. குழி அப்படியே இருந்தது. ஜான்சன் உச்சுக் கொட்டினார். காலைக் கீழே எடுத்து வைத்து, பஸ்ஸின் பக்கத்தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்" என்றார்.